படத்தில் இல்லாததைச் செயலி எப்படிச் சொல்லும்?

செடிகொடிகளைப் பற்றிப் பேச்சு வரும் இடங்களில் எல்லாம் இப்போது ஒரே குரல்தான் கேட்கிறது. போனை எடு, இலையைப் படம் பிடி, பெயர் வந்துவிடும். இதற்குமேல் தாவர வகைப்பாட்டைப் போய் யார் படிப்பது? கல்லூரி ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். சித்த மருத்துவ மாணவர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போகும் இயற்கை ஆர்வலர்களும் சொல்கிறார்கள். பூவைப் பிரித்து இதழ் எண்ணுவது, காயை உடைத்து விதையை லென்ஸில் பார்ப்பது, உலர்ந்த செடியைத் தாளில் ஒட்டிப் பாதுகாப்பது எல்லாம் போன நூற்றாண்டோடு முடிந்த வேலை என்பது பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டது.

இந்தக் கருத்து தவறு. அங்கங்கே விதிவிலக்கு உண்டு என்ற அளவில் நான் இதைச் சொல்லவில்லை. அடிப்படையிலேயே தவறு என்கிறேன். அதை நம்பி நாம் கைவிட்டுக்கொண்டிருக்கும் திறமை, மருந்திலும் உணவிலும் உயிரோடு தொடர்புடையது.

செயலிகளால் ஆவதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் தொடங்கியது. பிரான்ஸ் நாட்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பிளான்ட்நெட் 2013-இல் மக்கள் கைக்கு வந்தது. ஆவாரையையும் எருக்கையும் பூவோடு படம் எடுத்துக் கொடுத்தால் இவை நொடியில் பெயர் சொல்கின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும், சாலையோர மரத்தின் பெயரை இதுவரை கேட்டே அறியாதவருக்கும் இது பெரிய உதவி. குடும்பம் எது, பேரினம் எது என்கிற வரைக்கும் கொண்டுபோய் விடுவதில் இவற்றை நானும் நம்புகிறேன்.

ஆனால் தனித்த தோற்றம் கொண்ட ஒரு செடிக்குப் பெயர் சொல்வது ஒரு வேலை. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு செடிகளில் இது எது என்று பிரிப்பது வேறொரு வேலை. முதல் வேலையில் கிடைத்த வெற்றியைக் காட்டி இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள்காமாலை என்றதும் தமிழ்நாட்டில் எவர் வாயிலும் முதலில் வரும் பெயர் அது. இலைக்கடியில் வரிசையாகக் காய் இருந்தால் கீழாநெல்லி என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஏதாவது ஒரு வயல்வரப்பில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். இலைக்கடியில் காய்க்கும் செடிகள் அந்த ஒரே வரப்பில் இரண்டு மூன்று வகை நின்றாலும் வியப்பில்லை. எல்லாம் ஏறத்தாழ ஒரு சாண் உயரம். எல்லாவற்றிலும் மெல்லிய பக்கக் கிளை, அதன் இருபுறமும் சின்னச் சின்ன இலை, பார்வைக்குக் கிளையே ஒரு கூட்டிலை மாதிரி. மேலிருந்து படம் எடுத்தால் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் அடியில் இருக்கிறது. கிளையைத் திருப்பிப் பிடித்துப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். பூவின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பில்லாந்தஸ் அமாரஸ் என்ற, நாம் கீழாநெல்லி என்று நம்பும் செடியில், ஒரே இலைக்கக்கத்தில் ஆண்பூ ஒன்றும் பெண்பூ ஒன்றும் சேர்ந்து இருக்கும். பூவுக்கு இதழ் ஐந்து. பில்லாந்தஸ் பிரெட்டெர்னஸில் இதழ் ஆறு. ஆண்பூக்கள் கிளையின் அடிப்பக்கமும் பெண்பூக்கள் நுனிப்பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். பில்லாந்தஸ் டெபிலிஸிலும் இதழ் ஆறுதான், ஆனால் இலை இரு முனையிலும் ஒடுங்கிக் கூராகும். பில்லாந்தஸ் யூரினேரியாவில் தண்டு பெரும்பாலும் சிவப்போடி இருக்கும். காய்க்குக் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். காயின் தோல் சொரசொரப்பாக இருக்கும். மற்றவற்றின் காய் வழவழப்பு.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். முற்றிய காய் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நகத்தால் அழுத்தினால் படக்கென்று தெறித்து ஆறு விதை விழும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு, ஆரஞ்சுச் சுளையின் வடிவம். அமாரஸ் விதையின் முதுகில் வரிகள் நீளவாக்கில் ஓடும். யூரினேரியா விதையில் அவை குறுக்குவாக்கில் ஓடும். மேலாநெல்லி என்று சொல்லப்படும் பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ், சென்னையின் பழைய பெயரைத் தாங்கி 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட செடி. அதன் விதையில் வரிசை வரிசையாக நுண்ணிய புள்ளிப் புடைப்புகள் இருக்கும். நீளவரி, குறுக்குவரி, புடைப்பு. ஒருமுறை லென்ஸில் இந்த மூன்றையும் பார்த்தவர் வாழ்நாளில் மறக்க மாட்டார்.

போனில் எடுத்த படத்தில் இவற்றில் எது இருக்கிறது? இதழின் எண்ணிக்கை இல்லை. பூக்களின் இடம் இல்லை. காயின் தோல் இல்லை. விதை இல்லவே இல்லை. பிரித்தறியத் தேவையான தகவல் எதுவும் படத்துக்குள் ஏறவில்லை. ஏறாத தகவலை எந்தக் கணினியாலும் எடுத்துத் தர முடியாது. இன்றைய செயலி இளம்பருவத்தில் இருக்கிறது, நாளைக்கு மேம்படும் என்று சமாதானம் சொல்கிறார்கள். நாளைக்கு நூறு மடங்கு மேம்பட்டாலும், மேலிருந்து எடுத்த இலைப் படத்தில் விதையின் வரி தெரியப்போவதில்லை.

பிறகு எப்படி அது பெயர் சொல்கிறது, அதுவும் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறதே என்று கேட்பார்கள். ஊகித்துச் சொல்கிறது. தான் பயின்ற படங்களிலும் அந்த வட்டாரத்துப் பதிவுகளிலும் எந்தப் பெயர் அதிகமோ அதன் பக்கம் சாய்கிறது. நம் வரப்பில் அமாரஸ்தான் மிகுதி என்றால், எந்தச் செடியைக் காட்டினாலும் அமாரஸ் என்றே சொல்லிப் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இதில் மறைந்துபோவது அரிதாக நிற்கும் அந்த ஒரு செடி. பிரித்தறிதல் என்ற கலையே அந்த ஒன்றுக்காகத்தான் இருக்கிறது. அதிகம் இருப்பதன் பெயரையே எல்லாவற்றுக்கும் சூட்டினால், அரிதானது இருக்கிறது என்பதே பதிவில் வராது. அது அழிந்தாலும் எவருக்கும் தெரியாது.

பயின்ற படங்களின் பெயர்களே சரிதானா என்பது அடுத்த கேள்வி. பழைய நூல்களிலும் மருந்துப் புட்டிகளிலும் கட்டுரைகளிலும் கீழாநெல்லிக்கு பில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரைத்தான் பார்க்கிறோம். கிரேடி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலர் 1950-களில் இந்தக் கூட்டத்தை ஒழுங்காகப் பிரித்து ஆராய்ந்தார். பிரெட்டெர்னஸைத் தனி இனமாக 1955-இல் விவரித்தவரும் அவரே. நிரூரி என்ற பெயருக்கு உரியது அமெரிக்கக் கண்டத்துச் செடி, இந்தியாவில் அந்தப் பெயரில் வழங்குபவை வேறு இனங்கள் என்று தெளிவானது. ஏறத்தாழ எழுபது ஆண்டு ஓடிவிட்டது. இன்றும் நம் ஊர் வரப்பில் எடுத்த படங்கள் நிரூரி என்ற பெயரோடு இணையத்தில் சுற்றுகின்றன. மனிதர் தவறாகச் சொல்லிக்கொடுத்ததை இயந்திரமும் தவறாகவே கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதைத் தயக்கமின்றிச் சொல்லும் என்பது கூடுதல் ஆபத்து.

ஐநேச்சுரலிஸ்ட் அமைப்பை உருவாக்கியவர்களுக்கு இந்த எல்லை தெரியும். அதனால்தான் அங்கே இயந்திரம் தருவது பரிந்துரை மட்டும். ஒரு பதிவின் பெயர் உறுதிப்படுவது, செடியை அறிந்த மனிதர்கள் வந்து பார்த்து ஒத்துப்போன பிறகுதான். ஒத்துப்போகாவிட்டால் பதிவு பேரின அளவிலேயே நின்றுவிடும். ஆக, அறிந்தவர்கள் தேவையில்லை என்பதற்கு எந்தச் செயலியைச் சான்றாகக் காட்டுகிறார்களோ, அதுவே அறிந்தவர்களின் தோளில்தான் நிற்கிறது.

சரி, அமாரஸோ டெபிலிஸோ, தப்பாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்பது அடுத்த வாதம். எல்லாமே கீழாநெல்லிதானே என்கிறார்கள். நான் மிகுதியும் கோபப்படுவது இந்த வாதத்தின்மேல்தான்.

தென்னிந்தியாவில் 25 நாட்டுமருந்துக் கடைகளிலிருந்து கீழாநெல்லியை வாங்கி மூலக்கூறு முறையில் சோதித்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. 76 விழுக்காட்டுக் கடைகளின் சரக்கில் அமாரஸ்தான் இருந்தது. மீதி 24 விழுக்காட்டில் டெபிலிஸ், பிரெட்டெர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோடியானஸ் என்று வேறு ஐந்து இனங்கள் இருந்தன. ஏறக்குறைய நான்கு கடைக்கு ஒரு கடை. காமாலைக்கு என்று அரைத்துக் குடிப்பவர் எந்தச் செடியைக் குடிக்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

இதில் அறிவியலுக்கும் நட்டம் உண்டு. 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் அமாரஸ் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் அந்தக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் காணாமல் போயிருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அப்படி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே முடிவு வரவில்லை. கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்கும் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. அந்த விவாதத்தில் எழுந்த கேள்விகளில் ஒன்று இது: எல்லாரும் சோதித்தது ஒரே செடியைத்தானா? எந்த இனம், எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பறித்தது? இவை உறுதியாகாத இடத்தில் மருந்து வென்றது என்றும் சொல்ல முடியாது, தோற்றது என்றும் சொல்ல முடியாது. எல்லாம் கீழாநெல்லிதானே என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்த இடத்தில் படித்தவர்கள் சிலர் டி.என்.ஏ.வைக் கொண்டுவருவார்கள். போன் தோற்றால் போகட்டும், மரபணுக் குறியீடு இருக்கிறதே, இலைத்துணுக்கு போதுமே என்பார்கள். அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. சென்னை ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட நிலத்துத்தி ஆய்வே அதற்குச் சான்று. நிலத்துத்தி, அதாவது சைடா கார்டிபோலியா என்ற பெயரில் கடைகளில் விற்ற மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்றுகூட அந்த இனம் இல்லை. 76 விழுக்காடு சைடா பேரினத்தின் வேறு இனங்கள். அவற்றில் அதிகம், 36 விழுக்காடு, அரிவாள்மனைப் பூண்டு. மீதி 24 விழுக்காடு சைடாவே இல்லை. துத்தி இனமும் கொழிஞ்சி இனமும் கடுக்காய் இனமும் கலந்திருந்தன.

ஆனால் அந்த ஆய்வு எங்கே தொடங்கியது என்று பாருங்கள். முதலில் 13 சைடா இனங்களைச் சேகரித்து, இது இன்னது என்று உறுதிசெய்து, அவற்றிலிருந்து ஒப்பீட்டுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் கடைச் சரக்கை அதோடு ஒப்பிட முடிந்தது. அந்த 13 இனங்களை இன்னது இன்னது என்று சொல்லக் கண்ணும் லென்ஸும் நூலும்தான் வேண்டும். நிலத்துத்தியின் இலை இதயவடிவம், தொட்டால் மெத்தென்றிருக்கும்; கனி பத்துப் பிளவாகப் பிரியும்; ஒவ்வொரு பிளவிலும் நீண்ட இரண்டு முள் புல்லிவட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரிவாள்மனைப் பூண்டின் இலை குறுகி நீண்டது. கிளையில் இரு வரிசையாக அடுக்கியிருக்கும். பிளவுகள் குறைவு, முள் குட்டை. இதைத் தெரியாத ஒருவர் முதல் மாதிரிக்குத் தவறான பெயர் எழுதிவிட்டால், அதன்மேல் கட்டிய மரபணுத் தொகுப்பு முழுவதும் தவறு. கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அடித்தளத்தில் இருப்பது செடியைக் கையில் பிடித்துப் பார்த்த மனிதர்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு குரலும் உண்டு. செயலியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம், எங்கள் பாட்டி பார்த்த மாத்திரத்தில் சொல்வாள் என்பது அது. மரபின்மேல் உள்ள மரியாதையில் சொல்கிறார்கள், ஆனால் பாட்டியை அவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. செடியறிந்த கிராமத்துப் பெண்கள் எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்வதில்லை. கிள்ளுகிறார்கள், கசக்கி முகர்கிறார்கள், காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்க்கிறார்கள், வேரோடு பிடுங்கி நகத்தால் சுரண்டுகிறார்கள். வேகமாகச் செய்வதால் நமக்கு அது வெறும் பார்வையாகத் தோன்றுகிறது.

நன்னாரியைத் தேடும் கைகளைப் பாருங்கள். ஒரே நன்னாரிக் கொடியில் புல்லைப் போல் ஒடுங்கிய இலையும் இருக்கும், முட்டைவடிவ அகன்ற இலையும் இருக்கும். நடுநரம்பை ஒட்டி வெள்ளைத் தேமல் சில இலையில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இலையை மட்டும் பார்ப்பவருக்கு இவை இரண்டு செடிகள். பால்வள்ளிக் கொடிக்கும் எதிரெதிர் இலை, அதிலும் பால். ஆக, தேடுகிறவர் மண்ணைக் கிளறி வேரின் தோலைச் சுரண்டி மூக்குக்குக் கொண்டுபோகிறார். நன்னாரி வேரின் அந்த மணம் பால்வள்ளி வேரில் இல்லை. மணம் மட்டும் போதாது. மாகாளிக்கிழங்கிலும் ஏறத்தாழ அதே மணம்தான், ஆனால் அதன் வேர் தடித்துச் சதைப்பிடிப்போடு இருக்கும். இலை, பால், மணம், வேரின் பருமன் நான்கையும் சேர்த்துத்தான் முடிவு. இதில் மூன்று இலைப் படத்தில் வராது.

அதே சமயம், மரபு ஒருபோதும் தவறாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன கடைகளுக்குச் சரக்கு வந்ததும் பறிக்கிறவர்களின் கை வழியாகத்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டு, திருப்பிப் பார்த்துப் பறி என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அறிவு இருந்தும் அதைப் பயன்படுத்த நேரமும் காசும் தராத வியாபாரம் இது. குற்றம் பறிக்கிறவர்கள்மேல் இல்லை.

கரிசலாங்கண்ணி கதை இன்னும் வருத்தமானது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பல வீட்டுத் தொட்டிகளில் இன்று வளர்வது, அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடியான ஸ்பாக்னெடிகோலா டிரைலோபேட்டா. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்ற பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அதன் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாக வெட்டுப்பட்டிருக்கும். நம் ஊர் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது, மடல் கிடையாது. வெள்ளையைப் பொறுத்தவரை வெட்டுக்காயப் பூண்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். வெட்டுக்காயப் பூண்டின் பூ நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிற்கும், நடுவே மஞ்சள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் நடுவும் வெள்ளைதான். தண்டைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கையிலேயே கறுக்கும். கறுக்கும்வரை காத்திருப்பதுதான் சோதனை.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. மணத்தக்காளியைப் படம் எடுக்கிறார் ஒருவர். சோலானம் நைக்ரம் என்று பெயர் வருகிறது. அந்தப் பெயரைத் தேடினால் ஆங்கிலப் பக்கங்கள் கொடிய நஞ்சு என்கின்றன. ஐரோப்பாவின் நச்சுச்செடியான பெல்லடோனாவுக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் பெயர் நெருக்கம்; அங்கே பல நூற்றாண்டாக இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெல்லடோனாவின் பூ ஊதாச் சாயல் கொண்ட மணி; பழம் தனித்தனியாக, விரிந்த பச்சைப் புல்லியின்மேல் உட்கார்ந்திருக்கும். மணத்தக்காளிக்குச் சின்ன வெள்ளைப் பூ, பழம் கொத்துக் கொத்தாக. காலம் காலமாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்ட கீரையை, இந்த வித்தியாசம் தெரியாததால் பயந்து பிடுங்கி எறிகிறார்கள். பெயர் கிடைத்துவிட்டது, அறிவு கிடைக்கவில்லை.

கண்வலிக்கிழங்கு விஷயத்தில் நேர்வது பயத்தோடு நிற்காது. அந்தக் கிழங்கைத் தரும் செங்காந்தளைப் பூவில் பார்த்தால் எவரும் தவறமாட்டார்கள்; தமிழ்நாட்டின் மாநில மலர். பூவில்லாத நாளில் அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி அவித்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. இலங்கை மருத்துவர்கள் இத்தகைய நச்சுச் சம்பவங்களைத் தொடர்ந்து பதிவுசெய்திருக்கிறார்கள். கிழங்கில் உள்ள கால்சிசின் முதலில் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கி, உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தாக்கிக் கொல்லக்கூடியது. பிரித்தறியும் அடையாளம் இலைநுனியில் இருக்கிறது. செங்காந்தள் இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறிப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும்; நரம்புகள் இணையாக ஓடும். காட்டுவள்ளியில் பற்றுக்கம்பி கிடையாது, தண்டுதான் சுற்றி ஏறும்; இலை நரம்புகளுக்கு இடையே வலைப்பின்னல் இருக்கும். தோண்டியெடுத்த கிழங்கை மட்டும் படம் பிடித்தால் இந்த இரண்டு அடையாளமும் மண்ணுக்கு மேலேயே தங்கிவிடும்.

எல்லாம் சரி, இதெல்லாம் நிபுணர் வேலை, சாதாரண மனிதருக்கு எங்கே நேரம் என்பதுதான் கடைசியாக எஞ்சும் வாதம். தமிழ்நாட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் இருக்கின்றன. அவ்வளவையும் யார் கற்பது என்கிறார்கள். அவ்வளவையும் கற்கச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் மருந்துக்கும் உணவுக்கும் பறிக்கும் செடி முப்பதோ நாற்பதோ இருக்கும். அவற்றில் ஏமாற்றக்கூடிய இரட்டையர் பத்துக்கு மேல் இருந்தால் அதிகம். ஒரு மழைக்காலத்தில், சில நூறு ரூபாய் லென்ஸோடு, இவற்றைக் கற்றுவிடலாம். தெரு முனையில் எந்தப் பைக் எந்தக் கம்பெனி, எந்த வருட மாடல் என்று தூரத்திலிருந்தே சொல்லும் பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களால் ஐந்து இதழையும் ஆறு இதழையும் பிரிக்க முடியாதா?

வழிகாட்ட ஆளில்லாமலும் இல்லை. தாவரவியலர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கய்யாவும் கோவிந்துவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்த தென்னிந்தியச் செடிகளின் ஓவியங்களைப் பாருங்கள். முழுச் செடியை வரைந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தாளின் ஓரத்தில் பூவைப் பிளந்து, சூலகத்தைக் குறுக்கே வெட்டி, விதையைப் பெரிதாக்கித் தனித்தனியே வரைந்தார்கள். பிரித்தறியும் அடையாளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கை அது. கேம்பிளும் அவருக்குப் பின் பிஷரும் 1915 முதல் 1936 வரை சென்னை மாகாணத் தாவரங்களை நூலாக்கினார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை 1967-இல் நிறுவிய கே.எம். மேத்யூ பாதிரியார், தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980-களில் முடித்தார். களத்துக்கு எடுத்துப்போக வசதியாக ஒரே தொகுதி நூல் ஒன்றையும் 1991-இல் தந்தார். இதழ் ஐந்தா ஆறா, ஐந்து என்றால் இந்தப் பக்கம் போ, ஆறு என்றால் அந்தப் பக்கம் போ என்று படிப்படியாகக் கேட்டு நம்மைச் செடியின் பெயருக்கு அழைத்துச் செல்லும் திறவுகோல்கள் அவற்றில் இருக்கின்றன.

அவை ஆங்கிலத்தில், அதுவும் லத்தீன் கலந்த ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பது உண்மையான தடை. அதற்கு மருந்து, ஊர் ஊராக, வட்டாரம் வட்டாரமாக, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் தமிழில் அத்தகைய திறவுகோல்களை எழுதுவது. தாவரவியல் துறைகளின் முன் கிடக்கும் வேலை இதுதான். அதை விட்டுவிட்டு, வகைப்பாட்டுச் செய்முறை வகுப்பைச் சுருக்கி, செயலி இருக்கிறதே என்று மாணவரை அனுப்புவது, தன் வேலையைத் தானே வேண்டாம் என்று ஒதுக்குவதாகும்.

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படம் எடுப்பதென்றால் முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், கணு, பூவின் முன்னும் பின்னும், உடைத்த காய், விதை என்று எடுங்கள். எடுக்கும்போதே பாதி கற்றுவிடுவீர்கள். செயலி தரும் பெயரைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, இதைப்போல் இருக்கும் வேறு செடி எது, இரண்டையும் எது பிரிக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அந்த இரண்டுக்கும் செடியிலேயே விடை காணாதவரை, எந்தக் கீரையையும் கிழங்கையும் வேரையும் போன் சொன்னதென்று நம்பிச் சமைக்காதீர்கள், அரைத்துக் குடிக்காதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்.